கேளாமல் ஊற்றிய தண்ணீர்

மன்னாரில் பதினாறு வருடம் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவன் நான். அப்படியும் ஒரு பாடமா என்று சிட்னியில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓம், அப்படியும் ஒரு பாடம். கணிதம் வராத பிள்ளைகளும், விஞ்ஞானப் பிரிவில் இடம் கிடைக்காத பிள்ளைகளும் கலைப் பிரிவில் வந்து சேருவார்கள். அவர்களில் பாதிப் பேர் என் வகுப்பில் இருப்பார்கள். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் உரோமரின் கடவுள் ஜுப்பிட்டர், மறுபக்கம் அவருக்கு ஈடான கிரேக்கக் கடவுள் சியூஸ், ஒரு பக்கம் ஜூனோ, மறுபக்கம் ஹீரா, ஒரு பக்கம் வீனஸ், மறுபக்கம் அப்ரோடைட் என்று எழுதுவேன். அவர்கள் அப்படியே கொப்பியில் இறக்குவார்கள்.

உரோமர் சமயத்தின் தோற்றமும் அதில் கிரேக்கரின் செல்வாக்கும் என்று ஒரு கேள்வி அநேகமாகப் பரீட்சையில் வரும். அதற்கான விடையைத் தலைகீழாகக் கேட்டாலும் சொல்லுவேன். உரோமருக்கு ஆதியில் உருவமுள்ள கடவுள்கள் இல்லை. அடுப்பில் ஒரு சக்தி, வாசற்படியில் ஒரு சக்தி, வயல் எல்லையில் ஒரு சக்தி. பக்கத்து எத்ருஸ்கரிடமிருந்து சிலையும் கோயிலும் வந்தன. கிரேக்கரிடமிருந்து முகமும் கதையும் வந்தன. கொள்ளைநோய் வந்தபோது நோய் தீர்க்கும் கிரேக்கக் கடவுளைக் கப்பல் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். கடைசி வரியாக நான் ஒன்று சொல்லுவேன்: "இரவல் கடவுளை வச்சு உலகத்தை ஆண்டவங்கள், பிள்ளையள்." வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். போர்த்துக்கேயன் வந்து தண்ணீர் ஊற்றிக் கிறிஸ்தவனாக்கிய ஒரு பரம்பரையில் பிறந்த உரோமன் கத்தோலிக்கன் அப்படிச் சிரித்தான் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இன்னொரு பகுதியையும் நான் நக்கலாகத்தான் படிப்பித்தேன். உரோமர் ஒரு நகரத்தை முற்றுகையிட்டால், உள்ளே பாய்வதற்கு முன்னால் அந்த நகரத்துக் கடவுளைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். இந்த ஊரை விட்டு எங்களிடம் வாருங்கள், உங்களுக்கு இதைவிட நல்ல கோயில் கட்டித் தருகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று முறைப்படி கேட்பார்கள். "எதிரியின்ர கடவுளுக்கே லஞ்சம் குடுத்த ஆக்கள்" என்பேன். அதற்கும் வகுப்பு சிரிக்கும்.

பிறகு சண்டை, இடப்பெயர்வு, கடைசியில் அவுஸ்திரேலியா. பிளாக்டவுனில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் ஒரு கிடங்கில் பதினெட்டு வருடம் நின்றேன். அங்கே ஒருவருக்கும் ஜுப்பிட்டர் தேவைப்படவில்லை. வென்ட்வேர்த்வில்லில் ஸ்டேஷனுக்குக் கிட்ட அடுக்குமாடியில் ஒரு யுனிட். ஒரே மகள். அவள் படித்தாள், வேலைக்குப் போனாள், ஒருநாள் ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். பெடியன் கிரேக்கன்.

என் மனைவி குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்கட பாடம் வீட்டுக்கே வந்திட்டுதப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். ஆனால் பெடியன் நல்லவன், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கல்யாணம் அவர்களுடைய கிரேக்க ஓர்த்தடொக்ஸ் கோயிலில் நடந்தது. தலையில் பூமுடி வைத்து, பீடத்தைச் சுற்றி மூன்று தரம் நடத்தினார்கள். மனைவி முழுவதையும் ரசித்துப் பார்த்தாள். அடுத்த வருடம் அவளுக்குப் பெரிய நோய் வருத்தம் வந்தது. நாலு மாதத்தில் போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் என் கோபத்தைக் கேட்க ஆளில்லை.

எங்கள் முன்அறையில் இயேசுவின் திருஇருதயப் படம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரியும். அது மனைவியின் பொறுப்பு. அவள் செத்த மாதமே அது பியூஸ் போனது. நான் மாற்றவில்லை. பூசைக்கும் போகவில்லை. கடவுளோடு கோபம் என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். காலையில் எழும்பி வெளிக்கிட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பேத்தி பிறந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனின் தாய் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். விதவை. கறுப்புச் சட்டையைத் தவிர வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. சம்பந்தி என்ற உறவுக்கு இங்கிலிஷில் ஒரு சொல்லில்லை, ஆனால் அவர்களிடம் இருக்கிறது. "சிம்பெதேரே" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அவருடைய குசினி மூலையில் மாதா படமும் புனிதர்களின் படங்களும் வைத்த ஒரு தட்டு. அதன் முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயும் திரியும். சாப்பாடு போடுவதற்கு முன் எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டிவிட்டார். பதினாறு வருடம் உரோமரின் அடுப்படித் தெய்வங்கள் என்று சொல்லிக்கொடுத்தேனே, ஒரு குசினியில் ஒரு தெய்வம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் வீட்டுச் சிவப்பு பல்ப் ஞாபகம் வந்தது.

திரும்பி வரும்போது காரில் மகள் சொன்னாள். "அப்பா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் இவையின்ர சேர்ச்சிலதான் குடுக்கப் போறம்."

"அப்ப எங்கட கோயில்?"

"ஆர்கியூ பண்ணாதேங்கோ, ப்ளீஸ். நாங்கள் ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் டிசைட் பண்ணினனாங்கள்."

"அம்மா இருந்தா விட்டிருப்பாவோ?"

அவள் றோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "நீங்கள் கடைசியா எப்ப பூசைக்குப் போனனீங்கள்?"

வென்ட்வேர்த்வில் வரும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு ஒன்பது கிழமை ஆனபோது சளி பிடித்து நெஞ்சில் இறங்கிவிட்டது. மூச்சு இழுத்தது. பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். மூக்கில் ஒரு மெல்லிய குழாய், காலில் ஒரு சிவப்பு வெளிச்சம், பக்கத்தில் எந்நேரமும் சத்தம் போடும் ஒரு பெட்டி. மூன்றாவது நாள் பின்னேரம் மகள் குளிக்கப் போனாள். மூன்று நாளாக அவள் சரியாக முகம்கூடக் கழுவவில்லை. மருமகன் பார்க்கிங் நேரம் முடிந்த காரை மாற்றி விடப் போனான். "அப்பா, பிள்ளையோட இருங்கோ, பத்து நிமிஷம்" என்றாள்.

எங்கள் ஊரில் ஞானோபதேச வகுப்புக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும்: சாகப்போகும் பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சுவாமியார் தேவையில்லை. தண்ணீரும் சொல்லும் போதும். மன்னார்க் கரையில் பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்கள் எல்லோரும் இதைச் செய்யத் தெரிந்து வைத்திருந்தார்கள். எனக்கும் ஏழு வயதில் மனப்பாடம்.

கதிரைக்குக் கீழே என் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதன் மூடியில் ஊற்றி எடுத்தேன். கதவைப் பார்த்தேன். பிள்ளையின் நெற்றியில், மயிர் தொடங்கும் இடத்தில், மூன்று தரம் விட்டேன். என் மனைவியின் பெயரைச் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்றேன். பிள்ளை கண்ணைச் சுருக்கியது, அழவில்லை. சட்டைப்பையில் இருந்த லேஞ்சியால் துடைத்தேன். தாதி வந்தாள். விரிப்பில் ஈரத்தைப் பார்த்து, பால் கக்கினாளா என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் விரிப்பை மாற்றினாள். மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "எல்லாம் ஓகேயா அப்பா?" என்றாள். ஓம் என்றேன்.

இரண்டு நாளில் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். அவர்களுடைய கோயிலில் ஞானஸ்நானத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அங்கேயிருந்து வந்த படிவத்தை மகள் போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள், நான் கோபிக்கவில்லை என்று அவளுக்கு ஆறுதல். பிள்ளைக்கு முன்னர் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டுள்ளதா என்று ஒரு கேள்வி. "இல்லை எண்டு போட்டிருக்கிறன்" என்றாள். அவள் கைப்பட ஒரு பொய்யை எழுதவைத்துவிட்டேன், அது பொய் என்று அவளுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. அலுமாரியின் மேல்தட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த குறிப்புக் கொப்பி ஒன்று இருந்தது. அதை எடுத்து விரித்தேன். ஏன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது: நான் செய்தது செல்லுமா செல்லாதா என்று உரோமரிடம் போய்க் கேட்டேன். அவர்களுடைய சடங்கில் பூசை செய்பவன் தலையை முக்காடிட்டு மூடவேண்டும், கண்ணில் ஆகாதது படக்கூடாது. குழல் ஊத ஒருவன் வேண்டும், காதில் ஆகாதது விழக்கூடாது. மந்திரத்தை ஒருவன் முன்னால் வாசிக்க இவன் பின்னால் சொல்லவேண்டும். ஒரு சொல் பிசகினாலும் போச்சு, முதலில் இருந்து தொடங்கவேண்டும். நான் தலையை மூடவில்லை. கிரேக்க முறையில் தலையை மூடுவதில்லை, அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே நக்கல் அடித்துப் பார்த்தேன். பெட்டி சத்தம் போட்டது. பக்கத்துக் கட்டில் பிள்ளை வீரிட்டது. சொல் சரியாக வந்ததா? பரிசுத்த ஆவி என்றேனா, அல்லது அவசரத்தில் விழுங்கிவிட்டேனா? ஒருநாள் சொல் பிசகியிருக்கவேண்டும் என்று வேண்டுவேன், அப்படியென்றால் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் சரியாக இருக்கவேண்டும் என்று வேண்டுவேன். அவளுடைய பெயரைச் சொல்லிக் கொடுத்தது செல்லாமல் போய்விடுமோ என்று தாங்கமுடியாமல் இருக்கும்.

மாதத்தில் ஒருநாள் தமிழ்ப் பூசை வைக்க இளம் சுவாமியார் ஒருவர் வருவார். தமிழ்நாட்டுக்காரர். நெடுநாளைக்குப் பிறகு பூசைக்குப் போனேன். முடிந்ததும் கார் பார்க்கில் அவரை மறித்து விஷயத்தைச் சொன்னேன். எனக்கு வேண்டிய மாதிரித்தான் சொன்னேன், பேத்தி, ஆஸ்பத்திரி, மூச்சு, குழாய்.

"தண்ணி ஓடுச்சா ஐயா?"

"ஓம்."

"வார்த்தை சரியா சொன்னீங்களா?"

"சொன்னனான் எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப அது செல்லும். நம்ம திருச்சபையில ஞானஸ்நானம் ஒரு தடவைதான், மறுபடி கொடுக்க மாட்டோம்." அவர் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணு மட்டும் கேக்குறேன். குழந்தை சாகற நிலைமையிலயா இருந்துச்சு?"

அவர் காத்துக்கொண்டு நின்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்ததை மேலே எழுதியபோது ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன், சுவாமியாரிடம் விட்டது போலவே. அன்று மத்தியானம் டொக்டர் வந்தார். மகள், மருமகன், நான், மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள், இனிப் பயமில்லை, நாளைக்குக் குழாயைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார். மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அதனால்தான் அவள் குளிக்கப் போனாள். அதனால்தான் பிள்ளையை என்னிடம் விட்டுப் போனாள். அவள் பயந்திருந்த மூன்று நாளும் எனக்குத் தண்ணீர் ஞாபகம் வரவில்லை. பயம் தீர்ந்த பிறகுதான் வந்தது. பிள்ளை செத்துவிடும் என்று நான் ஊற்றவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது, இனி அவர்கள் தங்கள் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்றுதான் ஊற்றினேன்.

"இல்லை சுவாமி" என்றேன்.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "பெத்தவங்க கிட்ட கேட்டிருக்கணும் ஐயா. செல்லும், ஆனா தப்பு. பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்றுவிட்டு, இரண்டாவது பூசைக்குப் பிந்துகிறது என்று போய்விட்டார்.

சொல்லுகிறேன், சொல்லுகிறேன் என்று மூன்று கிழமை கடத்தினேன். ஒருநாள் போனை எடுத்து எண்ணை அழுத்திவிட்டு, அவள் ஹலோ என்றதும், அங்கே மழையா என்று கேட்டேன். சண்டைக்கு நிற்க எனக்குத் தெரியும், தலைகுனிந்து நிற்கத் தெரியாது.

அப்படியிருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை காலை யுனிட்டின் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சம்பந்தி அம்மா. கறுப்புச் சட்டை, கையில் துணி மூடிய தட்டு. இரண்டு ரயில் மாறித் தனியாக வந்திருக்கிறார். அந்த அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, வென்ட்வேர்த்வில்லுக்கு அதுவரை வந்ததும் இல்லை. ஸ்டேஷனில் இறங்கி ஒரு சாமான் கடையில் என் விலாசத்தைக் காட்டிக் கேட்டாராம். கடைக்காரர் வாசல் வரைக்கும் கூட்டிவந்து விட்டிருக்கிறார்.

உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். தட்டில் வீட்டில் சுட்ட வெண்ணெய் பிஸ்கட். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவர் திருஇருதயப் படத்தைப் பார்த்தார், எரியாத பல்பையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். அவருடைய இங்கிலிஷும் என்னுடையதைப் போலப் பிந்தி வந்த இங்கிலிஷ்தான், அதனால் எங்களுக்கு ஒருவரையொருவர் விளங்கும்.

தங்கள் முறைப்படி மூத்த பேத்திக்குத் தகப்பனுடைய தாயின் பெயரைத்தான் வைப்பார்கள் என்றார். அதாவது அவருடைய பெயர். கோயிலில் தண்ணீரில் இறக்கும்போதுதான் அந்தப் பெயரைச் சொல்லுவார்கள். ஆனால் தனக்கு இன்னும் பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள், தன் பெயர் அவர்களில் யாருக்காவது போகட்டும் என்றார். இந்தப் பிள்ளைக்கு உங்கள் மனைவியின் பெயரை வைப்போம் என்று நினைக்கிறேன். மகனிடமும் மருமகளிடமும் கேட்டுவிட்டேன். அழுதுகொண்டு சம்மதித்தார்கள். ஆனால் அது உங்கள் வீட்டுப் பெயர். நீங்கள் சரி என்று சொல்லாமல் நான் எப்படி எடுப்பது? அதைக் கேட்கத்தான் வந்தேன், சிம்பெதேரே.

என் மனைவியின் பெயர் ஒரு புனிதையின் பெயர். அந்தப் புனிதை கிரேக்கம் பேசியவள், அந்தப் பெயர் பிறந்ததே கிரேக்க மொழியில். உரோமுக்குப் போய், போர்த்துக்கேயனின் கப்பலில் ஏறி, மன்னாரில் இறங்கித் தமிழ் வாயில் கொஞ்சம் மாறி, என் வீட்டுக்கு வந்தது. யாரிடமிருந்து யாருக்குப் போன பெயர் என்று சட்டம் பேசினால் அந்த அம்மா என்னிடம் கேட்கவே தேவையில்லை. அவர் கேட்டார். இரண்டு ரயில் மாறி வந்து கேட்டார்.

நான் சரி என்றேன். நான் அழுததை அவர் மனைவியின் நினைவு என்று எடுத்துக்கொண்டார். என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார். கையை இழுத்துக்கொள்ள முடியாமல் இருந்தேன். ஸ்டேஷன் வரைக்கும் கூடப்போய் ரயில் ஏற்றிவிட்டேன். மேடையில் நின்றபோதுதான் அந்தப் பழைய பாடம் வந்து என் மண்டையில் அடித்தது. எதிரியின் கடவுளைக்கூட உரோமர் கேட்டுத்தான் எடுத்தார்கள். அதைத்தான் நான் லஞ்சம் என்று சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தேன். நான் என் சொந்த மகளிடம் கேட்கவில்லை.

அடுத்த ரயிலிலேயே மகள் வீட்டுக்குப் போனேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "மாமி வந்தவவோ? சொன்னவவோ?" என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். என் மகளல்லவா. கத்தவில்லை. பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது.

"டொக்டர் சொல்லேக்க நீங்களும் நிண்டனீங்கள் அப்பா."

"ஓம்."

"நான் குளிக்கப் போகும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ?"

இல்லை, அப்படித் திட்டம் போடவில்லை, அந்த நேரத்தில்தான் மனதில் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். ஆனால் கதவைப் பார்த்துவிட்டு ஊற்றியவன் நான். "ஓம் எண்டுதான் சொல்லவேணும்" என்றேன்.

"என்னட்டைக் கேட்டிருந்தா நான் விட்டிருப்பன்" என்றாள். "அம்மான்ர பேரால எண்டு கேட்டிருந்தா, ஆஸ்பத்திரியில வச்சு, நான் விட்டிருப்பன் அப்பா. நானே தண்ணி பிடிச்சிருப்பன்."

அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அவள் புருஷனுக்குச் சொன்னாள். இருவரும் போய்த் தங்கள் சுவாமியாருக்குச் சொன்னார்கள். அவர் வயதானவர், தாடியைத் தடவிக்கொண்டு கேட்டாராம், பிறகு தன் முறைப்படி முழுவதையும் செய்வேன் என்றுவிட்டாராம். எங்கள் பக்கம் செல்லும் என்கிறார்கள், அந்தப் பக்கம் செல்லாதது போல நடந்துகொள்கிறார்கள். என் போத்தல் மூடித் தண்ணீர் நடந்ததா நடக்கவில்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒரு நிபந்தனை மட்டும் மகள் போட்டாள். "மாமிக்கு இது தெரியக்கூடாது. அவ தன்ர பேரை விட்டுத் தந்தவ."

ஞானஸ்நானத்தன்று நான் கடைசி வாங்கில் இருந்தேன். பிள்ளையை உடுப்பில்லாமல் எடுத்து, உடம்பு முழுக்க எண்ணெய் பூசி, பெரிய பாத்திரத்தில் மூன்று தரம் இறக்கினார்கள். பிள்ளை கோயிலே அதிரக் கத்தியது. ஒவ்வொரு தரமும் சுவாமியார் உரத்த குரலில் என் மனைவியின் பெயரைச் சொன்னார், கிரேக்க வாயில், அது பிறந்த மாதிரியே. நூறு பேர் கேட்கச் சொன்னார். நான் முணுமுணுத்துவிட்டுத் துடைத்த பெயர். முடிந்ததும் சம்பந்தி அம்மா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் கொஞ்சினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பல்பை மாற்றினேன். இப்போது அது எரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கும் போகிறேன். உரோமருக்கு ஒரு சடங்கு பிசகினால் முதலில் இருந்து தொடங்கலாம், எத்தனை தரம் என்றாலும். நான் தொடங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமைகளில் மகள் வீட்டுக்குப் போவேன். குறை சொல்லமுடியாது. சோறு தருகிறாள், மருந்து எடுத்தனீங்களோ என்று கேட்கிறாள், ரயில் நேரம் பார்த்துச் சொல்கிறாள். பேத்திக்கு இப்போது ஒன்பது மாதம். என்னைக் கண்டால் கையை நீட்டுவாள், என் கண்ணாடியைப் பிடுங்குவாள். போன கிழமை விளையாடிக்கொண்டிருந்தபோது மகள் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்க வெளிக்கிட்டாள். பிள்ளை என் மடியில் இருந்தாள்.

"நீ போ, நான் பாக்கிறன்" என்றேன்.

"பரவாயில்லை அப்பா" என்றாள். முகத்தில் கோபமில்லை. குனிந்து என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். மற்றக் கையால் பிள்ளையின் சின்னக் கதிரையையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், உள்ளே பூட்டினாள்.